சுரண்டினால்தான் சுத்தமா? பழைய வீடுகளின் காரீயப் பூச்சு குறித்து ஒரு மறுப்பு

பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது கதவு, சன்னல், நிலை, கிரில் ஆகியவற்றின் மேல் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் பெயிண்டை அடிமரமும் இரும்பும் கண்ணில் படும்வரை சுரண்டித் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் புதுப் பூச்சைத் தொடங்க வேண்டும் என்பது சென்னையில் வீட்டுக்காரர், மேஸ்திரி, பெயிண்டர் ஆகிய மூவரும் ஒருமித்து ஏற்றுக்கொண்ட கருத்தாகும். சுரண்டாமல் மேலே அடிப்பது ஏமாற்று வேலை என்றும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் நாள் கூடக்கூட வேலையின் தரமும் கூடும் என்றும் இவர்கள் நம்புகிறார்கள். அந்தத் தேய்ப்பில் எழும் தூசியில் காரீயம் இருக்கக்கூடும் என்று எவரேனும் எச்சரித்தால், அதற்கான விடைகளும் ஆயத்தமாகவே உள்ளன: காரீயப் பெயிண்ட் என்பது குளிர்நாட்டு மரவீடுகளின் சிக்கல், இங்குள்ளவையோ சுண்ணாம்படித்த வீடுகள்; சட்டம் வந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன; நாற்பது ஆண்டுகளாகப் பெயிண்ட் அடிப்பவர்களுக்கு எதுவும் ஆகவில்லை. இந்த விடைகள் மூன்றும் பிழையானவை. பழைய பூச்சில் அசையாமல் கிடக்கும் காரீயத்தைக் கிளப்பிக் குழந்தையின் ரத்தம்வரை கொண்டு சேர்ப்பது, பெரும்பாலும், சுத்தம் என்ற பெயரில் நடைபெறும் அந்தச் சுரண்டல் வேலையேயாகும்.

முதலில் பொருள் எது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ரசம் வைக்கும் ஈயச்சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசப்படும் ஈயமும் வெள்ளீயம் என்னும் வேறொரு உலோகம். தரமானதாக இருந்தால் அதனால் உடலுக்குத் தீங்கில்லை. இங்கே பேசப்படுவது மின்கலங்களிலும் பழைய பெயிண்டிலும் உள்ள காரீயம். பாட்டி காலத்து ஈயச்சொம்பைச் சுட்டிக் காரீயத்தின் ஆபத்தை மறுக்கும் வாதம், இரண்டு வெவ்வேறு உலோகங்களை ஒன்றாக்கிப் பேசுவதால் தொடக்கத்திலேயே விழுந்துவிடுகிறது.

சுண்ணாம்படித்த வீடுகள் என்னும் வாதத்தில் பாதி உண்மை இருப்பதால் அதை முழுமையாகத் தள்ளிவிட இயலாது. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் எஞ்சியிருக்கும் மெட்ராஸ் டெரஸ் கூரை வீடுகளின் சுவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுண்ணாம்பும், பின்னர் டிஸ்டெம்பரும், அதன் பின்னர் நீரில் கரையும் எமல்ஷனும் கண்டவை. இவற்றில் காரீயம் மிகக் குறைவு. அமெரிக்க நகரங்களின் பழைய வீடுகளில் அறைச்சுவர் முழுவதுமே வெண்காரீயப் பூச்சாக இருந்த நிலை இங்கே பொதுவாக இல்லை என்பதும் சரியே. ஆனால் வீடு என்பது சுவர் மட்டுமன்று. அதே வீடுகளின் பர்மா தேக்குக் கதவும், பலகைச் சன்னலும், சன்னல் கம்பியும், மாடிப்படிக் கைப்பிடியும், வாசல் கேட்டும் எனாமல் என்னும் எண்ணெய்ப் பூச்சால் மூடப்பட்டவை. காரீயம் குடியிருக்கும் இடம் அதுவே. 2008-இல் வெளியான ஓர் ஆய்வில் அபய் குமாரும் பெர்ரி காட்ஸ்ஃபெல்டும் இந்தியாவின் முன்னணி நிறுவனங்கள் ஆறின் வீட்டுப் பெயிண்டுகள் 69-ஐப் பரிசோதித்தனர். நீரில் கரையும் பூச்சுகள் 38-லும் காரீயம் குறைவாகவே இருந்தது. எனாமல் மாதிரிகள் 31-இல் 84 விழுக்காடு, பத்து லட்சத்துக்கு 600 பங்கு என்று அன்று அமெரிக்காவில் நிலவிய வரம்பைத் தாண்டின. மிக உயர்ந்த அளவு பத்து லட்சத்துக்கு 1,40,000 பங்கு. அதாவது ஒரு கிலோ பூச்சில் 140 கிராம் காரீயம். இவை அருங்காட்சியகத்துப் பொருள்கள் அல்ல, அக்காலத்தில் கடையில் வாங்கக் கிடைத்த டப்பாக்கள். ஆகவே சுவரைக் காட்டிச் சன்னலை மறப்பவர், ஆபத்து இல்லாத இடத்தைப் பார்த்துவிட்டு ஆபத்து இல்லை என்று முடிவு கட்டுகிறார்.

எனாமலில் காரீயம் சேர்க்கப்பட்டதற்கு மூன்று காரணங்கள் இருந்தன. காரீயக் குரோமேட் என்னும் நிறமி பளிச்சென்ற மஞ்சளையும் ஆரஞ்சையும் தந்தது. அதே மஞ்சளோடு பிரஷ்ய நீலத்தைக் கலந்து பழைய வீட்டுச் சன்னல்களில் பரவலாகக் காணப்படும் கரும்பச்சை செய்யப்பட்டது. எண்ணெய் விரைவில் உலர்வதற்கு காரீய உப்புகள் உலர்த்திகளாகச் சேர்க்கப்பட்டன. இதனால் வெளிர் நிறமுள்ள பூச்சும் காரீயம் அற்றதென்று கொள்வதற்கில்லை. மூன்றாவதாக, இரும்பு துருப்பிடிக்காமலிருக்கச் செங்காரீயம் முதற்பூச்சாக அடிக்கப்பட்டது. ரெட் ஆக்சைடு என்ற பெயரில் இன்று விற்கப்படும் பிரைமர் இரும்பு ஆக்சைடால் ஆனது. ஆனால் பழைய கிரிலின் அடியில் ஆரஞ்சு கலந்த சிவப்பாகத் தெரியும் முதற்படலம் செங்காரீயமா இரும்பு ஆக்சைடா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது.

இந்த மூன்றாவது காரணம் பாலவாக்கம் போன்ற கடலோரப் பகுதிகளில் தனி எடை பெறுகிறது. கொட்டிவாக்கத்துக்கும் நீலாங்கரைக்கும் இடையில், கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவே அமைந்த தெருக்களின் வீடுகள் மயிலாப்பூர் வீடுகளைப் போல நூற்றாண்டுப் பழமை கொண்டவை அல்ல. 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்படும் வரை ஊராட்சியாக இருந்த இப்பகுதியில் கான்கிரீட் வீடுகள் பெருகியது கடந்த சில பத்தாண்டுகளில்தான். அதனால் இவை பழைய வீடுகள் என்ற எண்ணமே வீட்டுக்காரர்களுக்கு வருவதில்லை. ஆனால் காரீயத்தைப் பொறுத்தவரை பழமை என்பது 1920-ஐ ஒட்டியதன்று, பெயிண்டில் காரீயத்தைக் கட்டுப்படுத்தும் விதிகள் நடைமுறைக்கு வந்த 2017-ஐ ஒட்டியது. மேலும் உப்புக்காற்று இங்கே இரும்பை விட்டுவைப்பதில்லை. உட்பகுதியில் பத்தாண்டு தாங்கும் கிரில் பூச்சு, கடல் பார்த்த சன்னலில் இரண்டு மூன்று மழைக்காலங்களுக்குள் கொப்புளித்துத் துருவோடு சேர்ந்து உதிர்கிறது; உதிர்ந்ததும் கம்பி பிரஷ் வருகிறது, அதைத் தொடர்ந்து எமரித் தாள் வருகிறது. 1980-களில் கட்டிய வீட்டின் கிரில் கம்பியொன்றின் மூலையில் உடைந்த பூச்சின் விளிம்பைக் கூர்ந்து பார்த்தால், மேலே அண்மைக் காலத்துச் சாம்பல், அதன் கீழ்த் தந்த வெள்ளை, அதன் கீழ்ப் பழுப்பு, அதன் கீழ்ப் பச்சை, இரும்பை ஒட்டிச் செம்மஞ்சள் என அந்த வீட்டின் வரலாறு நகக்கண் அளவில் வரிசையாகத் தெரியும். கம்பி பிரஷ் இந்த வரிசையை மேலிருந்து கீழாக வாசிக்கிறது. ஆபத்து மிகுந்த படலத்தைக் கடைசியில் எட்டி, அதையும் பொடியாக்கிச் சன்னல் திட்டில் கொட்டுகிறது. அந்தத் திட்டில்தான் குழந்தை கையூன்றி நின்று தெருவைப் பார்க்கிறது.

காரீயப் பெயிண்ட் குளிர்நாட்டு நோய் என்பதை மறுப்பதற்கு மருத்துவ வரலாறே போதும். பெயிண்டினால் குழந்தைகள் நஞ்சேறுவது முதன்முதலில் உறுதியாகக் கண்டறியப்பட்டது பனி பொழியும் நகரத்திலன்று, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், வெயில் கொளுத்தும் பிரிஸ்பேனில். அங்கே 1890-களில் குழந்தைகள் மருத்துவமனைக்கு வந்த பிள்ளைகளிடம் காரீய நஞ்சின் அடையாளங்களை மருத்துவர்கள் கண்டனர்; அது எங்கிருந்து வருகிறது என்பது பல ஆண்டுகள் விளங்கவில்லை. 1904-இல் லாக்ஹார்ட் கிப்சன் என்னும் கண் மருத்துவர், வீட்டு வராந்தாக்களின் வண்ணம் பூசிய கைப்பிடிக் கம்பிகளே மூலம் என்று எழுதினார். வெயிலில் காய்ந்து மாவாகிப் போன பூச்சு, விளையாடும் குழந்தைகளின் ஈரக்கையில் ஒட்டி வாய்க்குச் சென்றது. உடன்பணியாற்றிய மருத்துவர்கள் பலர் நம்பவில்லை. குழந்தைகள் எட்டும் இடங்களில் காரீயப் பூச்சைத் தடுக்கும் சட்டம் குயின்ஸ்லாந்தில் 1922-இல்தான் வந்தது. வெயிலும் கடற்காற்றும் திறந்த வராந்தாவும் உள்ள ஊர் எது என்று கேட்டால், பிரிஸ்பேனுக்கு அடுத்து சென்னையின் கடற்கரையைச் சொல்வதே பொருத்தம். வெப்பநாடு என்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது. பூச்சை விரைவில் மாவாக்குவது அந்த வெப்பமேயாகும்.

சட்டம் வந்துவிட்டது என்னும் இரண்டாவது விடை, சட்டம் எதைச் சொல்கிறது என்பதைப் படிக்காமல் சொல்லப்படுவது. ஒன்றிய அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2016 நவம்பர் 1 அன்று அறிவித்து ஓராண்டுக்குப் பின் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகள், வீட்டுப் பூச்சிலும் அலங்காரப் பூச்சிலும் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் காரீயம் இருக்கக்கூடாது என்கின்றன. அதாவது ஒரு கிலோவுக்கு 90 மில்லிகிராம். அதற்கு முன் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்த அளவுகள் நிறுவனங்கள் விரும்பினால் பின்பற்றலாம் என்ற நிலையிலேயே இருந்தன. எனவே 2016-இன் விதிகள் போற்றுதலுக்குரியவை. டாக்ஸிக்ஸ் லிங்க் போன்ற அமைப்புகள் கடைகளில் டப்பா வாங்கிப் பரிசோதித்து வெளியிட்ட முடிவுகள் அவற்றுக்கு வழிவகுத்தன. ஆனால் அவை கட்டுப்படுத்துவது உற்பத்தி, விற்பனை, இறக்குமதி, ஏற்றுமதி ஆகியவற்றை மட்டுமே. ஏற்கெனவே மரத்திலும் இரும்பிலும் ஒட்டியிருக்கும் பூச்சைப் பற்றி, அதைச் சுரண்டும் முறையைப் பற்றி, சுரண்டிய கழிவைப் பற்றி அவை ஒன்றும் பேசுவதில்லை. தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான பூச்சுகளும் அவற்றின் வரம்புக்குள் வரவில்லை. வெல்டிங் பட்டறையில் அத்தகைய பிரைமர் அடித்து வந்திறங்கும் கேட்டுக்கு இந்த விதி காவலாக நிற்பதில்லை. விதி நடைமுறைக்கு வந்த பின்னரும் சிறு நிறுவனங்களின் எனாமலில் வரம்பு மீறிய காரீயம் சோதனைகளில் தென்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் வீட்டுப் பூச்சில் காரீயம் 1978-இல் தடுக்கப்பட்டது. ஆயினும் 1978-க்கு முந்தைய வீடுகளில் கூலிக்குப் புதுப்பிக்கும் பணி செய்வோர் பயிற்சியும் சான்றும் பெற்றிருக்க வேண்டும் என்னும் விதி 2010-இல்தான் முழுமையாக அமலுக்கு வந்தது. டப்பாவைத் தடுத்து முப்பதாண்டுக்குப் பின்னும் சுவரைப் பற்றிய சட்டம் தேவைப்பட்டது என்பதே, முதற்சட்டம் சிக்கலை முடித்துவிடவில்லை என்பதற்குச் சான்று.

பெயிண்டர்கள் நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்னும் மூன்றாவது விடைதான் மிகவும் வருந்தத்தக்கது; ஏனெனில் அவர்கள் நன்றாக இருக்கிறார்களா என்று பார்த்தவர் மிகச் சிலரே. காரீய நஞ்சு பெரியவர்களிடம் வயிற்றுவலியாக, மலச்சிக்கலாக, சோர்வாக, மூட்டுவலியாக, உயர் ரத்த அழுத்தமாக, சிறுநீரகக் கோளாறாக வெளிப்படுகிறது. இவற்றில் எதுவும் காரீயத்துக்கு மட்டுமே உரிய அடையாளமன்று. எனவே ஒவ்வொன்றும் கேஸ் டிரபிள் என்றோ, வெயில் என்றோ, குடிப்பழக்கம் என்றோ, வயது என்றோ பெயர் பெற்றுவிடுகிறது. ரத்தத்தில் காரீயத்தின் அளவைப் பார்க்காமல் நோய் எதுவென்று சொல்ல இயலாது. பெயிண்டருக்கு அந்தச் சோதனையை எழுதிக் கொடுப்பது வழக்கத்தில் இல்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் காரீய நஞ்சை முதலிலேயே வைத்திருந்தது. ஆனால் வீடு தொழிற்சாலையன்று. தெருவோரம் ஏணியில் நின்று சன்னல் தேய்க்கும் தொழிலாளிக்கு அந்தப் பட்டியலால் பயனில்லை. தேடாத இடத்தில் நோய் காணப்படவில்லை என்பதை நோய் இல்லை என்பதற்கு ஆதாரமாகக் கொள்வது எந்த அறிவியலிலும் செல்லாது.

பெரியவர்களைக் காட்டிலும் குழந்தைகளின் நிலை வேறு. விழுங்கிய காரீயத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கைப் பெரியவரின் குடல் ஈர்க்கிறது என்றால், சிறு குழந்தையின் குடல் பாதியளவு வரை ஈர்த்துக்கொள்கிறது. காரீயத்தைக் கால்சியம் என்று எண்ணி உடல் எலும்பில் சேமிக்கிறது. ரத்தத்தில் ஒரு மாத அளவில் பாதியாகக் குறையும் அது, எலும்பில் பல பத்தாண்டுகள் தங்குகிறது. பெண்ணின் கருக்காலத்தில் எலும்பிலிருந்து கால்சியம் கரையும்போது அதோடு காரீயமும் இறங்கி நஞ்சுக்கொடி கடந்து கருவைச் சேர்கிறது. இரும்புச்சத்து குறைந்த உடல் காரீயத்தை இன்னும் கூடுதலாக ஈர்க்கும். 2019–21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோர் ரத்தசோகை உள்ளவர்கள் என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. புரூஸ் லான்ஃபியர் தலைமையில் பல நாட்டு ஆய்வுகளிலிருந்து 1,333 குழந்தைகளின் தரவுகளைத் திரட்டி 2005-இல் வெளியிட்ட பகுப்பாய்வு, ரத்தத்தில் காரீயம் 100 மில்லிலிட்டருக்கு 2.4 மைக்ரோகிராமிலிருந்து 10 மைக்ரோகிராமாக உயரும்போது அறிவுத்திறன் அளவெண் ஏறத்தாழ 4 புள்ளி குறைவதைக் காட்டியது. இதில் வாந்தியில்லை, வலிப்பில்லை, மருத்துவமனைச் சீட்டில்லை. பள்ளியில் கவனம் சிதறும் பிள்ளையாகவும் கணக்கு வராத பிள்ளையாகவும் மட்டுமே அந்தக் குழந்தை பெற்றோருக்குத் தெரிகிறது. பழி குழந்தையின் மேல் விழுகிறது.

சென்னையைப் பற்றியே பேசும் தரவும் உண்டு. 3 முதல் 7 வயது வரையுள்ள சென்னைக் குழந்தைகள் 756 பேரை ஆராய்ந்து 2009-இல் வெளியான ஆய்வில், ரத்தக் காரீயத்தின் சராசரி 100 மில்லிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராமாக இருந்தது. அளவு கூடிய குழந்தைகளிடம் கவனக்குறைவும் பதற்றமும் மிகுந்திருந்தன. அமெரிக்காவில் ஒரு குழந்தையைத் தனிக் கவனத்துக்கு உட்படுத்தும் அளவு இன்று 3.5 மைக்ரோகிராம். இந்தக் காரீயம் முழுவதும் பெயிண்டிலிருந்து வந்தது என்று கூறினால் அது மிகையாகும். காரீயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டு வரை தெருக்களில் எரிந்தது, மின்கல உருக்குப் பட்டறைகளும் கலப்பட மஞ்சள்தூளும் இன்றும் உள்ளன. ஆயின் பல வாசல்கள் வழியே நஞ்சு வருகிறது என்பது ஒரு வாசலைத் திறந்து வைப்பதற்குக் காரணமாகாது. பெட்ரோலும் மின்கலமும் அரசின் கையில் இருப்பவை. தன் வீட்டுச் சன்னலை எப்படித் தேய்ப்பது என்பது வீட்டுக்காரரின் கையில் இருக்கிறது.

இனி, சுரண்டினால்தான் சுத்தம் என்னும் மையக் கருத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு மில்லிகிராம் காரீயம் உள்ள பூச்சையே அமெரிக்க விதிகள் காரீயப் பூச்சு என்று வரையறுக்கின்றன. ஒரு சதுர அடி என்பது 929 சதுர சென்டிமீட்டர்; எனவே ஒரு சன்னல் கதவின் கீழ்ப்பலகை அளவுள்ள பரப்பில் ஏறத்தாழ 929 மில்லிகிராம், ஒரு கிராமுக்கும் குறைவான காரீயம் இருக்கும். பத்துக்குப் பத்து அறையில் அந்த ஒரு சதுர அடியை மட்டும் உலர்வாகத் தேய்த்து, எழுந்த தூசி அனைத்தும் 100 சதுர அடித் தரையில் படிகிறது என்று கொண்டால், ஒவ்வொரு சதுர அடியிலும் 9,290 மைக்ரோகிராம் காரீயம் சேரும். குழந்தைகள் தவழும் தரைக்கு அமெரிக்கா 2001-இல் வைத்த எல்லை சதுர அடிக்கு 40 மைக்ரோகிராம். 2019-இல் அது 10-ஆகக் குறைக்கப்பட்டது. தூசியில் பத்தில் ஒன்பது பங்கு சன்னல் வழியே வெளியேறிவிட்டது என்று தாராளமாகக் கழித்தாலும், எஞ்சுவது அந்த எல்லையின் தொண்ணூறு மடங்கு. ஒரு வீட்டில் தேய்க்கப்படுவதோ ஒரு சதுர அடியன்று.

இது ஏட்டுக் கணக்கு என்று தள்ளுவோருக்கு, நேரில் அளந்த ஆய்வுகள் விடையளிக்கின்றன. பால்டிமோர் நகரத்தில் நஞ்சேறிய குழந்தைகளின் வீடுகளிலிருந்து காரீயப் பூச்சை அகற்றுவதற்காகவே தீச்சுடரும் தேய்ப்பும் பயன்படுத்திச் செய்யப்பட்ட வேலைகளை மார்க் ஃபார்ஃபெலும் ஜூலியன் சிசோமும் ஆராய்ந்து 1990-இல் வெளியிட்டனர். வேலை முடிந்த உடனே தூசியிலிருந்த காரீயம் முன்பைவிடப் பொதுவாகப் பத்து முதல் நூறு மடங்கு வரை உயர்ந்திருந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் நிலைமை பழைய நிலையைவிடச் சீரடையவில்லை. பாஸ்டன் நகரத்தில் யோனா அமிதையும் உடன்பணியாளர்களும் செய்த ஆய்வில், உலர்வாகச் சுரண்டியும் தேய்த்தும் சுடர் காட்டியும் பூச்சை எடுத்த வீடுகளின் குழந்தைகளுக்கு ரத்தக் காரீயம் உயர்ந்தது; பூச்சை மூடியும் மறைத்தும் பலகையை மாற்றியும் வேலை செய்த வீடுகளின் குழந்தைகளுக்குக் குறைந்தது. நஞ்சை நீக்குவதே நோக்கமாகக் கொண்ட வேலையே குழந்தையை மேலும் நஞ்சாக்கியது என்றால், நஞ்சு இருக்கிறது என்ற நினைவே இல்லாமல், குடும்பம் அடுத்த அறையில் சமைத்து உண்டு உறங்கிக்கொண்டிருக்க நடைபெறும் வேலையைப் பற்றிக் கூற வேண்டியதில்லை.

இவற்றிலும் கொடிய முறைகள் இப்போது நாகரிகமாகவே பரவி வருகின்றன. பச்சை எனாமல் அடித்த பழைய தேக்குக் கதவை நிறம் உரித்து மரத்தின் ரேகை தெரிய பாலிஷ் போடுவது பெருமைக்குரிய அலங்காரமாகிவிட்டது; இடித்த வீடுகளின் கதவும் தூணும் பழைய மரக்கடைகளில் உரிக்கப்பட்டுப் புது வீடுகளுக்குச் செல்கின்றன. உரிப்பதற்குப் புளோ லேம்ப்பும் ஹீட் கன்னும் கிரைண்டரில் பொருத்திய தேய்ப்புத் தட்டும் பயன்படுகின்றன. தீச்சுடர் பூச்சை இளக்குவதோடு நில்லாமல் காரீயத்தைப் புகையாக்குகிறது; அந்தப் புகை நுரையீரலிலிருந்து நேரே ரத்தத்தில் கலக்கிறது. ஆகவேதான் 593 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பக் கருவிகளையும், தூசியை உறிஞ்சும் நுண்வடிகட்டி பொருத்தாத எந்திரத் தேய்ப்பையும், திறந்த சுடரையும் அமெரிக்க விதி தடுக்கிறது. கழித்த சன்னல் சட்டங்களைப் போகியன்று தெருவில் எரிப்பதும் இதே வகையைச் சேர்ந்தது. பழையன கழிதல் என்னும் நல்ல வழக்கத்தில் வண்ணம் பூசிய மரம் சேர்ந்துவிட்டால், அந்தத் தெருவின் குழந்தைகள் அனைவரும் அதன் புகையைச் சுவாசிக்கிறார்கள், சாம்பல் தெருமண்ணில் நிலைக்கிறது.

அப்படியானால் பழைய பூச்சு அத்தனையையும் வல்லுநரைக் கொண்டு உடனே அகற்றிவிட வேண்டும் என்று அச்சத்தில் எழும் எதிர்க்கருத்தும் சரியன்று. உதிராமல், கொப்புளிக்காமல், உராய்வில்லாமல் இறுகப் பிடித்திருக்கும் காரீயப் பூச்சு அந்த நிலையில் பெரும் தீங்கு செய்வதில்லை. அதன் மேல் நல்ல பூச்சு ஒன்றை அடித்து மூடிவிடுவதே பெரும்பாலான கதவுகளுக்கும் நிலைகளுக்கும் ஏற்ற வழி. திறந்து மூடும்போது சட்டத்தோடு உராயும் சன்னல் விளிம்புகளும், உப்புக்காற்றில் உதிரும் கிரில்களும், குழந்தை பல்லால் கடிக்கும் உயரத்திலுள்ள கட்டில் கம்பிகளும் மட்டுமே உடனடிக் கவனத்துக்குரியவை. முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது காரீயம் இருக்கிறதா என்பது. எல்லாப் படலங்களும் அடங்கும்படி ஒரு சிறு சில்லை ஈரப்படுத்திப் பெயர்த்து, அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினால் விடை கிடைக்கும். நிறம் மாறும் சோதனைக் குச்சிகள் மேற்படலத்தை மட்டுமே தொட்டு, அடியில் இருப்பதைத் தவறவிடக்கூடும். சோதனைக்கு வழியில்லாதபோது, 2017-க்கு முன் அடித்த எனாமல் அனைத்திலும் காரீயம் உண்டு என்று வைத்துக்கொண்டு வேலை செய்வதே அறிவுடைமை.

தேய்க்கத்தான் வேண்டும் என்ற இடத்தில் ஈரத்தோடு தேய்க்க வேண்டும் என்பதே இவ்வேலையின் முதல் விதி. கார்ப் பட்டறையில் பயன்படும் வாட்டர் பேப்பரும், செடிக்குத் தெளிக்கும் கைத்தெளிப்பானும் இதற்குப் போதும். நனைத்துச் சுரண்டிய பூச்சு பறக்காமல் கூழாக விழுகிறது. வேலை நடக்கும் அறையில் பொருள்களை அகற்றி, தரையில் தடித்த பாலித்தீன் விரித்து ஓரங்களை டேப்பால் ஒட்டி, வாசலுக்கும் ஒரு பாலித்தீன் திரை கட்டி, மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அந்த நாள்களில் வேறு வீட்டில் இருப்பது நல்லது. அதற்கு இயலாவிட்டால் வேலை நடக்கும் அறையின் பக்கமே வராதிருத்தல் வேண்டும். முடிந்ததும் விளக்குமாற்றை எடுப்பதுதான் வழக்கமாக நிகழும் பெரும்பிழை. துடைப்பம் கண்ணுக்குத் தெரியும் தூளை அள்ளிவிட்டு, தெரியாத தூசியை அறை முழுவதும் பரப்புகிறது. பாலித்தீனை நீர் தெளித்து உள்நோக்கி மடித்துக் கட்டிவிட்டு, சோப்புநீர் ஒரு வாளி, அலசும் நீர் ஒரு வாளி என இரண்டு வைத்துக்கொண்டு, சன்னல் திட்டு முதல் தரை வரை ஈரத்துணியால் இருமுறை துடைக்க வேண்டும். சுரண்டிய கூழையும் துணியையும் கட்டிய பையில் தனியே வைத்தல் வேண்டும்; வாசல் மண்ணிலோ மழைநீர் வடிகாலிலோ கொட்டுவது, வீட்டுக்குள் தடுத்த நஞ்சைத் தெருவுக்கு ஒப்படைப்பதாகும்.

சுரண்டாவிட்டால் புதுப் பூச்சு பிடிக்காது என்பது பெயிண்டர்கள் முன்வைக்கும் தொழில் சார்ந்த வாதம். அதற்கு விடை சொல்லாமல் இம்மறுப்பு நிறைவு பெறாது. புதுப் பூச்சு பிடிப்பதற்குத் தேவைப்படுவது மூன்று: அடிப்படலம் உறுதியாக இருக்க வேண்டும், அதில் எண்ணெயும் உப்பும் அழுக்கும் இருக்கக்கூடாது, அதன் வழவழப்புச் சற்றே மங்கியிருக்க வேண்டும். தளர்ந்த சில்லுகளை நனைத்துப் பெயர்த்து, விளிம்புகளை வாட்டர் பேப்பரால் சமப்படுத்தி, சோப்புநீரால் கழுவி உலரவிட்டுப் பிரைமர் அடித்தால் இம்மூன்றும் நிறைவேறுகின்றன. அடிமரம் வரை செல்ல வேண்டும் என்பது பூச்சின் இயல்பால் எழும் தேவையன்று. ஒவ்வொரு கொட்டேஷனிலும் தேய்ப்புக்குச் சதுர அடிக் கணக்கில் தனிக்கூலி வைக்கும் வழக்கம் அந்தத் தேவையைப் பெருக்கியிருக்கிறது. துருவேறிய கிரிலைப் பொறுத்தவரை கடலோரத்தில் இந்த விடை முழுமையாகப் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். துருவின் மேல் அடித்த பூச்சு நில்லாது. அங்கே துருவை மாற்றும் வேதிப்பூச்சை நனைத்த தேய்ப்போடு பயன்படுத்தலாம். அரித்துப்போன கிரிலைக் கழற்றி முழுவதுமாக மாற்றிவிடுவது இன்னும் நல்லது. கழற்றும்போது வெட்டும் கிரைண்டரின் பொறியும் பழைய பூச்சை எரிக்கும் என்பதால், வெட்டுமிடத்தில் மட்டும் முன்னதாக நனைத்துச் சுரண்டிக்கொள்ள வேண்டும்.

செலவு கூடும் என்பது உண்மை. ஈர வேலை உலர் வேலையைவிட மெதுவானது. உலரவிடும் நேரமும் சேர்ந்து ஒரு வீட்டுக்கு நாலைந்து நாள் கூலி கூடலாம். பாலித்தீன், டேப், கைத்தெளிப்பான், தூசியைத் தடுக்கும் என்95 வகை முகக்கவசம் ஆகியவற்றின் விலை அந்தக் கூலியோடு ஒப்பிட மிகச் சிறிது. கிரானைட் தரைக்கும் பொய்க்கூரைக்கும் லட்சங்கள் ஒதுக்கும் ஒரு மதிப்பீட்டில் இதற்கு இடமில்லை என்று கூறுவது ஏற்கத்தக்கதன்று. இவ்வளவும் செய்த பின்னும், பயன் முதலில் சேர வேண்டியவர் வீட்டுக்காரர் அல்லர். அவர் வீட்டில் இவ்வேலை பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. பெயிண்டருக்கு அது ஆண்டு முழுவதும் நடக்கிறது. தேய்த்த கையோடு பீடி பற்றவைத்து, அதே கையால் டீ டம்ளரைப் பிடித்து, தூசி படிந்த சட்டையோடு மாலையில் வீடு திரும்பித் தன் குழந்தையைத் தூக்குபவர் அவர். வேலையிடத்தில் சோப்பும் தண்ணீரும், சட்டை மாற்றிக்கொள்ள ஓர் இடமும், அழுக்குத் துணியைத் தனியே கட்டிச் செல்ல ஒரு பையும் தருவது வீட்டுக்காரரின் கடமை. பெயிண்டர் கேட்டுப் பெற வேண்டிய சலுகையன்று.

தனி வீடுகளின் நல்லெண்ணத்தால் மட்டும் இது நிறைவேறாது. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பெயிண்டர்களும் பதிவு செய்துகொள்கிறார்கள். வாரியத்தின் மருத்துவ முகாம்களில் அவர்களுக்கு ரத்தக் காரீயச் சோதனையைச் சேர்த்தால், அவர்கள் நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்ற கூற்று உண்மையா என்பது சில மாதங்களில் தெரிந்துவிடும். இடிப்புக்கும் புதுப்பிப்புக்கும் மாநகராட்சி அளிக்கும் அனுமதியில் உலர்தேய்ப்பையும் தீச்சுடரையும் விலக்கும் நிபந்தனை ஒன்றைச் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2016-இன் விதிகளுக்கு ஒன்றிய அரசு இரண்டாம் பகுதி ஒன்றை எழுத வேண்டும். அது டப்பாவில் இருக்கும் பெயிண்டைப் பற்றியதாக அல்லாமல், சன்னலில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் பெயிண்டைப் பற்றியதாக இருத்தல் வேண்டும்.